கல்வெட்டில் விட்டுப்போன உப்பு

நான் செத்தவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை, மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கம். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. கலியாண வீட்டில் என் இலைக்குச் சோறு வராவிட்டால் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழும்பி வந்துவிடுவேன்.

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் சின்னப் புத்தகம் ஒன்று அடித்துக் கொடுப்போம். கல்வெட்டு என்று பேர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, மட்டை போட்ட பத்துப் பன்னிரண்டு தாள்தான். முதல் பக்கம் செத்தவரின் படம், பிறகு தேவாரம், பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று முறை வைத்து அழ வேண்டும். சண்டைக்குள் வன்னியை விட்டு வெளிக்கிட்டு இந்தப் புத்தளக் கரைக்கு வந்தபோது வீட்டை விட்டோம், மாட்டை விட்டோம், இதை மட்டும் விடவில்லை. ஆனால் எழுத ஆள் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவர் செத்தபோது, செத்த வீட்டில் கேட்ட ஒப்பாரியின் ஓசையை வைத்து ஒரு கொப்பியில் ஏதோ எழுதிக் கொடுத்தேன். அதோடு பிடித்துக்கொண்டார்கள்.

என் பேர் எந்தப் புத்தகத்திலும் வராது. நான்தான் வேண்டாம் என்றது. ‘ஆக்கம்: குடும்பத்தினர்’ என்று போடுவார்கள். மாமியாரோடு ஆறு வருசம் கதைக்காத மருமகளின் புலம்பலையும் நான்தான் புலம்ப வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு சுகம், பாட்டுக்குரியவர் ஒருநாளும் குறை சொல்ல மாட்டார். குறை எல்லாம் மிச்சப் பேரிடமிருந்துதான். அந்த ஆறு வருச மருமகளே வாசலில் வந்து நின்று கேட்டாள்.

“மூத்த மருமகளுக்கு ஆறு வரி போட்டிருக்கிறியள், எனக்கு நாலு வரிதான். ஏன், நான் அழேல்லையோ?”

“ஓம் பிள்ளை, போடுறன்” என்று இரண்டு வரி கூட்டி அழுது கொடுத்தேன். அதற்குப் பிறகு மூத்தவள் வந்தாள். அதை விடுவோம்.

இன்னொரு வீட்டில் செத்தவர் குடித்துவிட்டு ஒழுங்கை முழுக்கச் சத்தம் போட்டுத் திரிந்த மனுசன். ‘சாந்தமே உருவானவர்’ என்று எழுதச் சொன்னது அவர் மனைவி. செத்தவரின் தம்பி கொப்பியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணி, அண்ணரை உங்களுக்குத் தெரியாதோ?”

“தெரியும் தம்பி. அதாலதான் எழுதச் சொன்னனான்.”

ஆர் என்ன குறை சொன்னாலும் நான் ‘ஓம்’ என்பேன். மறுத்துக் கதைத்தால் நின்று பதில் சொல்ல வேண்டும். ஓம் என்றால் வீட்டுக்குப் போகலாம்.

எல்லாக் குறைகாரர்களுக்கும் மேலே ஒரு மாஸ்டர் இருந்தார். எங்களோடு இடம்பெயர்ந்து வந்தவர், பென்சன் எடுத்தவர், சேட்டுப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை. அவர் பார்த்துத் தராமல் புத்தளம் ரவுணில் இருக்கிற அச்சுக்கூடக்காரர் மெசினைத் தொட மாட்டார். மாஸ்டர் என் கொப்பியை வாங்குவார், விரலை மடக்கி மடக்கி எண்ணுவார், “தளை தட்டுது” என்பார். ஒருநாள் தைரியம் வந்து, தளை என்றால் என்ன என்று கேட்டுவிட்டேன். ஒரு மணித்தியாலம் படிப்பித்தார். “விளங்கினதோ?” என்றார். “ஓம் சேர்” என்றேன். எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: வாயில் தட்டாதது அவர் விரலில் தட்டுது.

இவ்வளவு நாளும் இதெல்லாம் எனக்கு ஒரு பகிடி. போன வருசம் என் சிநேகிதி செத்தபோதுதான் பகிடி என் பக்கம் திரும்பினது.

அவவும் நானும் கருவாட்டு வாடியில் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் இருந்து மீன் வெட்டினவர்கள். இந்தப் பக்கம் மன்னாரில் இருந்து தொண்ணூறில் துரத்திவிடப்பட்டு வந்த முஸ்லிம் ராத்தா, நடுவில் நான், அந்தப் பக்கம் அவ. கடற்கரையில் கிடுகுக் கொட்டில், வெட்டுகிறது, உப்புப் போடுகிறது, பாயில் பரப்புகிறது, காகம் கலைக்கிறது. தலவிலத் தேவாலயத் திருநாள் வந்தால் மூச்சு விட நேரம் இராது, கோயிலுக்குப் போகிற சனம் எல்லாம் திரும்பும்போது கருவாடு வாங்கும். அவ புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை அந்தப் பலகையில் இருந்தே வளர்த்தவ. மகன் லண்டனில், மகள் இங்கே ஒரு கந்தோரில் கிளார்க் வேலை.

என் கொப்பியை வாடிக்குக் கொண்டுபோனால் அவதான் முதல் கேட்கிற ஆள். ‘பொன்மனம்’, ‘பூமுகம்’ என்று வந்தால் கத்தியைப் பலகையில் தட்டுவா.

“இஞ்ச பார், நான் செத்தா நீதான் எனக்கு எழுதுவாய். பொன்னே பூவே எண்டு பொய் எழுதினியோ, பேயா வந்து உனக்குப் பக்கத்திலை குந்துவன்.”

“குந்தினா மீன் வெட்டுவியோ?”

“செத்த பிறகும் வேலையோடி? சும்மா இருந்து உனக்குக் குறை சொல்லுவன்.”

“சரி, பொய் எழுதமாட்டன்” என்றேன். சும்மா பகிடிக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னது சொன்னதுதானே.

நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டா. மக்கள் புலம்பலை நான் இப்படித் தொடங்கினேன்:

உப்பு அள்ளின கையாலே உச்சி தடவினியே
தப்பாமல் என் தலையில் இன்னும் அந்த உப்பிருக்கு

எழுதினவுடனே இது சரி என்று தெரிந்தது. எனக்கு அப்படித் தெரிகிறது எப்போதாவதுதான்.

மகள்தான் முதல் வாசித்தாள். கன நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னம்மா, இந்த உப்பு வேணுமோ?”

நான் நிலத்தைப் பார்த்தேன். அதுவும் ஒரு ஓம்தான். அவள் தமையனுக்கு வாட்ஸ்அப்பில் எடுத்து, போனை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். லண்டனில் இருந்து அவன் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தான்.

“சின்னம்மா, பாட்டு சூப்பர். ஆனா அம்மா வாடியிலை நிண்டது இஞ்ச என்ர மனுசியின்ர ஆக்களுக்குத் தெரியாது. அம்மா பிஸ்னஸ் செய்தவ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். கொஞ்சம் டீசண்டா மாத்துங்கோவன்.”

கருவாட்டு பிஸ்னஸ் என்று போடட்டோ தம்பி என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. நாக்கோடு நின்றது. “ஓம் தம்பி” என்றேன்.

பிறகு மாஸ்டர். விரலை மடக்கினார். சிவப்புப் பேனையைத் திறந்தார்.

“‘அள்ளின’ எண்டது பேச்சு. ‘தடவினியே’ எண்டது பேச்சு. உப்பு...” கொஞ்சம் யோசித்தார். “உப்பு இலக்கியத்திலை இருக்கு. ஆனா இப்பிடி இல்லை.”

அந்த இரண்டு வரிக்கும் குறுக்கே ஒரு கோடு. மேலே அவர் கையால் எழுதினது:

பொற்கரத்தால் எமைவளர்த்த புவிபோற்றும் தாயவளே
அற்புதமாய் வாழ்ந்தனையே அவனியிலோர் திலகமென

“இப்ப எப்பிடி?” என்றார்.

“ஓம் சேர்.”

ஒரு கிழமைக்குள் மூன்று ஓம். ஒவ்வொரு ஓமுக்கும் அவ கையில் இருந்த உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவுப்பட்டு, கடைசியில் பொன்னாகப் போனது. அந்தக் கையில் பொன் கிடந்து நான் பார்த்ததில்லை. மீன் முள் குத்தின தழும்பும் உப்பு தின்ற வெடிப்பும்தான் பார்த்தது. அடுத்த நாள் வாடியில் இருந்து சூடை மீன் வெட்டும்போது பக்கத்துப் பலகையை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். வெறும் பலகைதான்.

முப்பத்தோராம் நாள் வந்தது. புத்தகத்தை எல்லார் கையிலும் கொடுத்தார்கள். மாஸ்டர் முன் பந்தலில் கதிரை போட்டு ஆம்பிளைகளோடு இருந்தார். நாங்கள் வாடிப் பெண்கள் வளவின் பின்பக்கம், மரக்கறி வெட்டி முடித்த பாயில். மகள் தேத்தண்ணித் தட்டத்தோடு நடந்து திரிந்தாள்.

ராத்தா புத்தகத்தை என் மடியில் போட்டா.

“கண்ணாடி கொண்டு வரல்ல. நீ வாசி புள்ள.”

மக்கள் புலம்பலைத் திறந்து மெதுவாக வாசித்தேன். ‘பொற்கரத்தால்’ என்றதும் ராத்தா கையைக் காட்டி நிறுத்தினா.

“என்னா கரம்?”

“பொற்கரம்.”

“ஆருட கரம்?”

“இவவின்ர கரம்தான் ராத்தா.”

“அல்லாஹ்வே! அவட கைய நான் எத்தின வருசம் பக்கத்துல இருந்து பார்த்தவ? இது வேற ஆரோ மௌத்தானவட புத்தகம் புள்ள. அச்சடிக்கிறவன் மாத்திக் குடுத்துட்டான். குடுத்துட்டு நம்மட ஆள்ற புத்தகத்த வாங்கிட்டு வாங்க.”

பெண்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வரவில்லை. எழுதினது நான் என்று ராத்தாவுக்குத் தெரியும். அவ என்னைக் குத்தவேண்டும் என்று சொல்லவில்லை, கண்டதைச் சொன்னா. இத்தனை வருசத்தில் என் எழுத்துக்கு வந்த குறைகளில் ஓம் சொல்ல முடியாத குறை இது ஒன்றுதான், ஏனென்றால் இது மட்டும்தான் உண்மை.

புத்தகத்தை மூடவில்லை. வாசிக்கிற மாதிரியே கண்ணை அச்செழுத்தில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாததை வாசித்தேன்.

“உப்பு அள்ளின கையாலே உச்சி தடவினியே...”

இரண்டு வரியும் முடிந்தது. ராத்தா தன் உள்ளங்கையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனா. பிறகு முக்காட்டுத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. அவ தொடங்க மற்றவர்களும் தொடங்கினார்கள்.

முன் பந்தலில் இருந்து மாஸ்டர் எட்டிப் பார்த்தார். பெண்கள் அழுகிறார்கள், என் கையில் புத்தகம் விரிந்திருக்கிறது. அவருக்கு வேறு என்ன வேண்டும்? பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எங்களுக்கும் கேட்டது.

“பாத்தீங்களோ? தளை சரியா இருந்தா கண்ணீர் தன்பாட்டிலை வரும்.”

மகள் தேத்தண்ணித் தட்டத்தோடு என் பின்னால்தான் நின்றிருக்கிறாள். எனக்குத் தெரியாது. தட்டத்தைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினாள்.

“சின்னம்மா, அது எந்தப் பக்கத்திலை இருக்கு?”

“அது... விட்டுப்போச்சு பிள்ளை.”

வேண்டாம் என்றது தான்தான் என்று அவளுக்குத் தெரியாதா?

“பள்ளிக்கூடத்திலை என்னைக் கருவாட்டுத் தலை எண்டுதான் கூப்பிடுவினம். அம்மா சீப்பாலை தலை இழுத்து விடேக்கை கை மணக்கும். நான் தட்டி விடுவன், தடவாதேங்கோ எண்டு. அதாலதான் வேண்டாம் எண்டனான்.”

உள்ளே போய்ப் பேனை ஒன்று எடுத்து வந்து தன் புத்தகத்தை என் முழங்காலில் வைத்தாள்.

“எழுதுங்கோ.”

பொற்கரத்துக்குக் கீழே இருந்த வெற்று இடத்தில் எழுதினேன். என் எழுத்து எப்போதும் காற்றடித்த வேலி மாதிரி. அவளுக்கு எழுதி முடிய ராத்தா தன் புத்தகத்தை நீட்டினா. “வாசிக்கத் தெரியாட்டியும் அது கிடக்கட்டும் எனக்கு” என்று உடப்பு ஊரில் இருந்து வந்த ஒரு கிழவி தன்னுடையதைத் தந்தா. வரிசை வைத்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் எனக்கு முன்னால் வரிசை நின்றது அன்றைக்குத்தான், வெட்கத்தில் காது சுட்டது. ஆறாவது புத்தகத்தில் பேனை எழுதாமல் நின்றது. உதறினேன், ஊதினேன், இல்லை.

தலைக்கு மேல் ஒரு நிழல். மாஸ்டர்.

“என்ன, அச்சுப் பிழை திருத்துறியளோ?”

“ஓம் சேர். ஒண்டு விட்டுப்போச்சு.”

“நான் பாத்த பிறகுமோ?”

புத்தகத்தை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். வலக்கை விரல்கள் தன்பாட்டில் மடங்கத் தொடங்கின. ராத்தா முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தா. மகளும் பார்த்தாள். எல்லாரும் மூக்கு உறிஞ்சிக்கொண்டு பார்த்தார்கள். நாலாவது விரல் மடங்காமல் நின்றது.

“தளை தட்டுது” என்றார். முந்தின சத்தம் இல்லை.

நான் ஓம் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை, அவ்வளவு துணிவு எனக்கு எங்கே? கையை மட்டும் நீட்டினேன்.

“பேனை முடிஞ்சுபோச்சு சேர்.”

அவர் என் கையைப் பார்த்தார், சேட்டுப் பையைப் பார்த்தார். கடைசியில் சிவப்புப் பேனையைக் கழற்றித் தந்தார்.

“மூடியைத் துலைச்சுப் போடாதேங்கோ” என்றார்.

இப்படித்தான் பாதிப் புத்தகங்களில் அந்த வரி நீலம், மிச்சத்தில் சிவப்பு. முன் பந்தலில் இருந்த ஆம்பிளைகள் கொண்டுபோன புத்தகங்களில் இரண்டும் இல்லை, அவர்களுக்குப் பொற்கரம் போதும்.

அடுத்த கிழமை லண்டனில் இருந்து போன் வந்தது.

“சின்னம்மா, தங்கச்சி புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பினவள். நீலத்திலை கையெழுத்து மாதிரி ஒரு இடம் போட்டிருக்கிறாங்கள், செம டிசைன். மனுசியின்ர ஆக்களுக்கும் அனுப்பினனான், ஆர் செய்தது எண்டு கேக்கினம்.”

“அதிலை என்ன எழுதியிருக்கெண்டு வாசிச்சனீங்களோ தம்பி?”

“நேரமே கிடைக்கேல்லை சின்னம்மா. ஞாயிறு வாசிக்கிறன்.”

“ஓம் தம்பி.”

அந்த ஞாயிறு போய் எத்தனையோ ஞாயிறு போய்விட்டது. வாடியில் புதிதாக ஒரு பிள்ளை வேலைக்கு வந்திருக்கிறாள். அவளை ராத்தாவின் அந்தப் பக்கம் இருத்தியிருக்கிறோம். எனக்குப் பக்கத்துப் பலகை வெறுமையாகத்தான் கிடக்கிறது. பொற்கரம் இன்னும் அந்தப் புத்தகத்தில் அச்சாகத்தான் இருக்கிறது, உப்பு அதற்குக் கீழேதான். அதைப் பற்றிக் குறை சொல்ல அவ வந்து குந்த நினைத்தால் இடம் இருக்க வேண்டும்தானே.