பாவு நீட்டிய தெருவில் வந்த வேட்பாளர்

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், டயாலிசிஸ் பண்ண வேலூருக்குப் போய் வந்துகினு இருந்தோம். காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரியில் செலவில்லை. பஸ்தான் அவரைத் தின்றது. திரும்பும்போது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொள்வார்.

தேர்தல் வந்தது. முதலில் வந்த வேட்பாளர் வேனில் நின்றபடியே மைக்கில் பேசினார். காப்பீட்டுத் தொகையைக் கூட்டுவோம், எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இன்னும் தூரத்துலதானே கீது என்று வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்னொருவர் வந்த காலையில் தறியில் ஏற்றத் தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருந்தோம். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழைகள். பாவு கிடக்கும்போது மாப்பிள்ளை ஊர்வலமே வந்தாலும் நிற்கத்தான் வேண்டும். வேனும் நின்றது. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, பூந்து போயிடறோம் என்றார் ஒரு கட்சிக்காரர். பக்கத்து வீட்டுக்காரி விடுவாளா? பட்டு இழை அறுந்தா உங்க வேட்டியக் கிழிச்சா முடி போடறது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

வேட்பாளர் இறங்கி நடந்தார். பாவோரம் நாற்காலி போட்டு, அறுந்த இழைக்கு முடி போட்டுக்கினு இருந்த என் வீட்டுக்காரரிடம் நின்றார். கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்திருந்ததைப் பார்த்து விசாரித்தார். வேலூர் அலைச்சலையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஜெயிச்சா நம்ம ஊர்லயே டயாலிசிஸ் கொண்டாந்துடறேன் ஐயா. நீங்க அலைய வேணாம்" என்றார்.

ஜெயித்த பிறகு நடக்க வேண்டியது அது. வீட்டுக்காரர் நடந்துவிட்ட மாதிரியே எடுத்துக்கொண்டார். இறங்கி வந்து கையைப் பிடிச்சி சொன்னாரே என்பார். பாவு கிடந்ததால் இறங்கினார், இல்லாவிட்டால் அவரும் வேனிலேயே போயிருப்பார் என்றேன். கேட்கவில்லை.

அடுத்த முறை கிளம்பச் சொன்னபோது சட்டை போடவில்லை. மகன் ஓசூரிலிருந்து போனில் கெஞ்சினான். ஒரு முறை விட்டாலே மூச்சு முட்டும் என்று நர்சம்மா சொன்னதை நானும் சொன்னேன்.

"இங்கயே வரப்போவுது. அதுவரைக்கும் என்னை உடு" என்றார்.

கால் வீங்கியது. முகம் வீங்கியது. மூச்சு வாங்கியதும் ஆம்புலன்சில் ஏற்றினோம். வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம்கூடத் தாண்டவில்லை.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் ஓட்டு. பள்ளிக்கூட வரிசையில் நின்றேன். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வெயில் சுட்டதா என்றுகூடத் தெரியவில்லை. எனக்குப் பின்னால் அடுத்த தெருக்காரி நின்றாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே வியாதி. வேலூர் போக அவரைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள், ஜல்தியாகப் போக வேண்டும் என்றாள். அப்புறம் மெதுவாக, நான் யாருக்குப் போடப் போகிறேன் என்று கேட்டாள்.

டயாலிசிஸ் சொன்னவருக்கு என்றேன்.

"அவர் பேச்சை நம்பித்தானேக்கா உங்க வீட்டுல..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"உன் வீட்டுக்காரர் இன்னும் பஸ் ஏறிக்கினு இருக்கார் இல்ல" என்றேன்.

அவளை எனக்கு முன்னால் விட்டேன்.