என் மகளுக்கு நான் எழுதிய வாடகை

தூக்கமில்லாமல் கழிந்தது போன ஐப்பசி. என் மகள் கோகிலாவுக்கு விவாகரத்து ஆகிவிட்டது. ஜீவனாம்சம் எவ்வளவு என்பது மட்டும் பாக்கி. அவளுடைய மாதச் செலவை எழுதிக் கொடுக்கும்படி சேலம் கோர்ட்டில் கேட்டிருந்தார்கள். நான் காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கு எனக்கா வராது என்று உட்கார்ந்தேன்.

அவள் ஏற்காட்டில் என்னோடுதான் இருந்தாள். அதனால் வாடகை இல்லை. பால் எங்கள் மாட்டுப் பால். காய் கொல்லையில். அரிசி நான் வாங்குவது. துணி, மருந்து, பஸ் என்று கூட்டினால் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது.

வக்கீலம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்கய்யா, நீங்க நம்ம கட்சிங்களா, மாப்பிள்ளை கட்சிங்களா?"

"பெத்த ஊட்டுல இருக்கற புள்ளைக்கு வாடகை எழுதறதுங்களா? ஊரு சிரிக்குமுங்க."

"அவரு லாட்ஜ் நடத்தறாருங்க. இதப் பாத்தா அவருதான் நொம்ப சிரிப்பாரு."

கோபமாகத் திரும்பினேன். பஸ் அடிவாரம் தாண்டி மலையேறும்போது பயம் பிடித்துக்கொண்டது. கூட்டி எழுதினால் பொய். குறைத்து எழுதினால் பிள்ளை பட்டினி. எனக்கு எழுபத்தாறு வயது. திங்கட்கிழமை தொகையைச் சொல்லியாக வேண்டும்.

ஞாயிறு காலை மலையுச்சியிலுள்ள சேர்வராயன் குகைக் கோயிலுக்குப் போனேன். உச்சியில் ஒரே மேகம். நீட்டிய கை தெரியவில்லை. குகைக்குள் குனிந்து போய் நின்றேன். "இந்தக் கணக்கு எனக்கு வரலை சாமி, நீயே சொல்லு" என்று அழுதேன். ஈரக்காற்றில் விளக்குச் சுடர் மட்டும் மிதந்தது. காலுக்குக் கீழே தரை இருந்ததா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. வெளியே வந்து ஒரு பாறையில் சாய்ந்தேன். வெண்மைக்குள்ளிருந்து இரண்டு பெண் குரல்கள் வந்தன.

"அப்பன் ஊட்டுல உம்பங்குக்கு என்னக்கா வந்துச்சு?"

"எனக்கா? அப்பன் இருந்த வரைக்கும் மவராசி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் தம்பி பொண்டாட்டி என் அடுப்பத் தூக்கி வெளிய வெச்சுட்டா. இப்ப எனக்கும் மாட்டுக்கும் ஒரே கொட்டாய்."

"துணைக்கு ஆளாச்சு, போ!"

"அட, மாடாவது பால் குடுக்குதுன்னு அதுக்கு மரியாதை. எனக்கு அதுவுமில்ல."

இருவரும் சிரித்தார்கள். நான் பாறையிலிருந்து நிமிர்ந்தேன். என் வீடு எனக்குப் பிறகு ஓசூரில் இருக்கும் மகனுக்கு. நான் எழுதியது நான் உயிரோடிருக்கும் வரைக்குமான செலவு. என் ஆயுளை அவளுடைய வருமானமாகச் சேர்த்துவிட்டிருந்தேன்!

மேகம் விலகியபோது அங்கே யாருமில்லை. அவர்கள் கீழே இறங்கியிருக்கலாம். யார் அவர்களைப் பேசவைத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வீட்டுக்கு வந்து மகளை முதல் தடவையாகக் கேட்டேன். "கண்ணு, தனியா இருந்தா உனக்கு என்னென்ன வேணும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னாள். "யாரும் எந்திரிச்சுப் போன்னு சொல்லாத ஒரு ஊடுங்கப்பா."

அங்கிருந்து தொடங்கினோம். வாடகை, பால், காஸ், அரிசி, எல்லாம் கடை விலைக்கு எழுதினோம். ஒன்றுகூடப் பொய்யில்லை. வக்கீலம்மா ஒரு ரூபாயும் மாற்றவில்லை. கோர்ட்டும் ஏறக்குறைய அதையே கொடுத்தது. கேட்டபோது என் கண் நிறைந்துவிட்டது.

தையிலிருந்து கோகிலா கிளியூர் போகும் வழியில் வாடகைக்கு இருக்கிறாள். போன வாரம் போயிருந்தேன். "வாங்கப்பா, காபிங்களா, டீங்களா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குத் தேனாக இருந்தது. இப்போதெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண்ணின் நாளைய வாழ்வு இப்படி முடிவாகாமல் கிடந்தால், மேகம் இறங்கிய ஒரு காலையில் மலைக்கு வாருங்கள். சாமியிடம் கேட்டவுடன் கிளம்பிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் பாறையில் உட்காருங்கள். அவன் பேசுவான்.