பதினான்கு நாள் அறை

துறைமுகத்தில் கம்பவுண்டருக்கு 'நாக்கு' என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்து போயிருக்கும். கப்பலேறும் எவனையும் நிறுத்தி, "நாக்க நீட்டு" என்பார். இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டு. விருந்துக்குப் போன இடத்தில் எதிரே இருப்பவர் கொட்டாவி விட்டால்கூட எட்டிப் பார்த்துவிடுவார். கெட்ட மனுஷர் இல்லை. தன் கையெழுத்து விழாமல் ஒரு கப்பலும் கயிறு அவிழ்க்காது என்பதில் கொஞ்சம் தலைக்கனம், அவ்வளவுதான்.

அவருடைய ராஜ்யம் ஒரே ஓர் அறை. கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை, இருபது கட்டில், ஆள் உயரத்துக்கு மேலே கம்பி போட்ட இரண்டு ஜன்னல், வெளிப்பக்கம் தாழ்ப்பாள். ஆட்கள் குடியிருக்கும் தீவுக்குப் போகிறவர்கள் பதினான்கு நாள் அதில் அடைபட்டுக் கிடக்க வேண்டும். முன்பு ஒரு கப்பல் தட்டம்மையைச் சுமந்துகொண்டு போய் ஒரு தீவையே காலி செய்துவிட்டு வந்தது. அதற்குப் பிறகு போட்ட சட்டம். நமக்குச் சின்ன வயதில் வந்து போகிற நோய், அதைக் கண்ணால் பார்த்தே இராத ஜனங்களைப் பூண்டோடு அழித்துவிடும்.

அந்த வருஷம் தெற்குத் தீவில் விளக்குக் கோபுரம் கட்டப் பத்தொன்பது பேர் புறப்பட்டார்கள். அந்தக் கடலில் இரண்டே காற்று. போகிற காற்றைப் பிடித்தால் பதினொரு நாளில் தீவு. திரும்புகிற காற்றுக்கு ஐந்து மாதம் காத்துக் கிடக்க வேண்டும். அதுவரை தீவில் இருந்த நானூறு பேரும் இவர்களுக்கு மீனும் கிழங்கும் தண்ணீரும் தருவது, பதிலுக்கு இவர்கள் இரும்புச் சாமான் தருவது என்று ஏற்பாடு. நல்ல தண்ணீர் எங்கே ஊறும் என்பது தீவுக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

பத்தொன்பது பேரில் ஒருவன் தச்சன். கம்பவுண்டருடைய தங்கையின் புருஷன். ஆளில்லாத உப்பளத்தில் தனியாக வளர்ந்தவன். சின்னப் பிள்ளைகளுக்கு வரவேண்டிய எந்த நோயும் அவனுக்கு வந்ததில்லை. பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், மற்றவர்கள் அறையை ஒட்டிச் சுவர் வைத்திருந்த கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவன் கட்டில் மேல் ஏறி நின்று ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"மச்சான், பாப்பாவுக்குக் காய்ச்சலாமே. ஒரு தடவ பாத்துட்டு ஓடி வந்துடறேன்."

"சட்டம்னு ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை."

"நான் திரும்பி வர்றப்ப அவளுக்கு என்னை அடையாளமே தெரியாது மச்சான். சட்டம் போட்டவனுக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

கம்பவுண்டர் தாழ்ப்பாளைத் திறந்தார். கல்நெஞ்சாக இருந்திருந்தால் ஒரு தீவு பிழைத்திருக்கும். என்ன செய்வது, அவருக்கு இருந்தது சாதாரண நெஞ்சு.

வீடு இரண்டு தெரு தள்ளி. தச்சன் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி முகத்தோடு முகம் வைத்துக்கொண்டான். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. வாசல்படியில் நின்ற கம்பவுண்டருக்கு அது தும்முவது கேட்டது. "உள்ள வாண்ணா, ஏன் அங்கேயே நிக்கறே?" என்றாள் தங்கை. "நேரமாச்சு" என்றார். ஊர் வாயையெல்லாம் திறந்து பார்த்தவர், சொந்தத் தங்கையின் குழந்தை வாயைப் பார்க்கப் பயந்தார். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் கப்பல் நிற்கும், தானும் மாட்டிக்கொள்வோம். சளிதான், வெறும் சளிதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பத்தொன்பது பெயருக்கும் நேரே 'பதினான்கு நாளும் அறையில் இருந்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கப்பல் போன மறுநாள் குழந்தையின் காதுக்குப் பின்னால் சிவப்பு கிளம்பியது. சாயங்காலத்துக்குள் முகமெல்லாம் தட்டம்மை.

துறைமுகத்தில் ஒரு விரைவுப் படகு சும்மாதான் கிடந்தது. நான்கு நாளில் கப்பலை எட்டிப் பிடித்துவிடலாம். கம்பவுண்டர் அதிகாரியின் அறை வாசலில் அரை மணி நேரம் நின்றார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது.

"என்னய்யா?" என்றார் அதிகாரி, தலை நிமிராமல்.

"பஞ்சு தீர்ந்துபோச்சு சார்."

"எழுதிக் குடுத்துட்டுப் போ."

எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மறுபடி வந்தார். அதிகாரி வெளியே போயிருந்தார். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. அதற்காகத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஐந்தாம் நாள், இனிமேல் படகு போயும் பிரயோஜனமில்லை என்று ஆனது. குழந்தைக்குச் சரியாகிவிட்டது. நன்றாக விளையாடியது.

ஏழு மாதம் கழித்து, வழியில் போன வேறொரு கப்பல் சேதி கொண்டுவந்தது. மாலுமித் தலைவனின் நாட்குறிப்பும் வந்தது. போன பத்தொன்பது பேரில் ஒருவரும் வரவில்லை. அதிகாரி அதைக் கம்பவுண்டரை எதிரே உட்காரவைத்துக்கொண்டு படித்தார். இறங்கிய மூன்றாம் நாள் தச்சன் உடம்பெல்லாம் தடிப்பு. பிறகு தச்சன் செத்தான். பிறகு கரையில் குழந்தைகளுக்குக் காய்ச்சல். பிறகு பெரியவர்களுக்கு. முதலில் வரிசையாகக் குழி தோண்டினார்கள். பிறகு குழி தோண்ட ஆளில்லை. மிச்சமிருந்த தீவுக்காரர்கள் ஒரு விடியற்காலையில் தோணிகளில் ஏறி எங்கோ போய்விட்டார்கள். கப்பல்காரர்கள் கண்ட இடமெல்லாம் தோண்டினார்கள். உப்புத் தண்ணீர்தான் ஊறியது. கடைசிப் பக்கத்தில் காற்று இல்லை என்று மட்டும் எழுதியிருந்தது.

அதிகாரி நாட்குறிப்பை மூடினார். "நம்ம ஆளுங்க பதினாலு நாளும் உள்ளதான் இருந்திருக்காங்க. உங்க கையெழுத்தே இருக்கு. அப்ப நோய் தீவுலயே இருந்திருக்கு. இந்த அறையால ஒரு பிரயோஜனமும் இல்லேன்னு ஆயிப்போச்சு. எடுத்துடச் சொல்லி மேல எழுதிட்டேன். அடுத்த கப்பல் கிழக்குத் தீவுக்கு. இனிமே யாரையும் அடைச்சு வைக்க வேணாம்."

தட்டம்மை உள்ளே போய் வெளியே தெரியப் பத்துப் பதினாலு நாள் ஆகும். இறங்கிய மூன்றாம் நாளே தெரிந்தால், அது இங்கிருந்து போனதுதான். இந்தக் கணக்கு அந்தக் கட்டிடத்தில் ஒருத்தருக்குத்தான் தெரியும். கிழக்குத் தீவில் ஆயிரம் பேர்.

அன்று மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தச்சனுடைய சட்டைகளும் அதில் இருந்தன. நாளைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றார். அவள் மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அன்னிக்குக் காலையிலேயே நான் அவ வாயைத் தொறந்து பாத்தேன்ணா. கன்னத்துக்கு உள்பக்கம் உப்புத் தூவின மாதிரி வெள்ள வெள்ளையா இருந்துச்சு. அம்மைக்கு முதல்ல அதுதான் வரும்னு நீ எத்தனை தடவ சொல்லியிருக்கே, எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அவரை வாசலோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பே."

கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, இந்தப் பாரத்தைத் தூக்க இன்னோர் ஆள் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் அதிகாரியிடம் ஒன்று விடாமல் சொன்னார். தாழ்ப்பாள், வாசல்படி, தும்மல், பஞ்சு, எல்லாம். அதிகாரி முகம் கறுத்துவிட்டது. ஆளனுப்பித் தங்கையை வரவழைத்தார். அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அவளைக் கண்டதும் கம்பவுண்டருக்கு உயிர் வந்தது.

"உன் புருஷன் அந்தப் பதினாலு நாளுக்குள்ள வீட்டுக்கு வந்தானாம்மா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"வரவே இல்ல சார். அவர் போனதுலேர்ந்து அண்ணனுக்கு மனசு சரியில்ல. என்னென்னமோ பேசறாரு."

கம்பவுண்டர் எழுந்து நின்றார். அதிகாரி பெருமூச்சு விட்டு அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். ஒரு மாதம் லீவு போட்டு வீட்டில் இரும் என்றார், நிஜமான பரிவோடு.

வெளியே வந்து இருவரும் கிடங்குச் சுவரோரமாக நடந்தார்கள். வேலையாட்கள் அறையிலிருந்து கட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கை நின்றாள். அவரைப் பார்க்காமல் பேசினாள்.

"நம்ம தெருவுல மட்டும் ஏழு வீட்டுல புருஷன் திரும்பி வரல. எம்பொண்ணு அந்தத் தெருவுலதான் வளரணும்ணா."

பத்து நாள் கழித்துக் கிழக்கே போகிற காற்று அடித்தது. கிழக்குத் தீவுக்கு முப்பத்தொரு பேர், அவரவர் வீட்டிலிருந்து நேராக வந்து கப்பலேறினார்கள். வழியனுப்ப வந்தவர்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.