பன்னிரண்டு பெண்களும் ஓர் அணையா விளக்கும்

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு பெண்கள் என்னைத் திட்டினார்கள். ஒரே நேரத்தில்.

தப்பு என்னுடையது.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் வேன் ஓட்டுகிறவன். விடிவதற்கு முன் நியாலாஸ் பக்கம் தோட்டத்து வீடுகளில் பெண்களை ஏற்றுவேன். மலாக்காவில் ஒரு தொழிற்சாலையில் இறக்குவேன். மூன்றரைக்குத் திரும்ப ஏற்றுவேன். பதினொரு வருடமாக இதுதான்.

அன்றைக்கு அங்கே இயந்திரம் ஏதோ பழுது. ஒன்றரைக்கே எல்லாரையும் போகச் சொல்லிவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டார்கள். கூப்பிட்டும் பார்த்தார்கள். என் கைப்பேசி செத்துக் கிடந்தது. நான் உம்பாய்க் கடலோரத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றரைக்குப் போய் நின்றேன். சரியான நேரம். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எங்கண்ணே போனீங்க? ரெண்டு மணி நேரமா மழையில நிக்கிறோம்!"

"போன் அடிச்சா எவளோ ஒருத்தி மலாய்ல பேசுறா!"

"இதுல மீனு வேற வாங்கியிருக்காரு பாரு. நாத்தம் தாங்கல லா!"

சூப்பர்வைசர் லதா மட்டும் திட்டவில்லை. கதவோரம் வந்து மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, இது மூணாவது தடவை. இன்னொரு தடவை ஆச்சுன்னா ஆபீஸ்ல வேற வேன் பாத்துருவாங்க. என்னால ஒன்னும் பேச முடியாது."

மற்றவர்கள் திட்டியதைவிட அவள் சொன்னதுதான் பயமாக இருந்தது. எனக்கு வேறு தொழில் தெரியாது. ஐம்பத்தெட்டு வயதில் யார் சொல்லித் தருவார்?

நான் எதுவும் செய்யாமல் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்தான் பேட்டரியை மாற்றினேன். அப்படியும் மதியத்துக்குள் செத்துவிடும். வேனில் சார்ஜ் ஏற்றும் துளை எப்போதோ போய்விட்டது. பவர் பேங்க் வாங்கினேன். அதையும் சார்ஜ் ஏற்ற வேண்டுமாம். வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

பெண்களை இறக்கிவிட்டு, மீனோடு ஜாசினுக்குப் போனேன். பேட்டரி மாற்றியது அங்கே நைனா பாய் கடையில்.

"பாய், நீங்க போட்ட பேட்டரி சரியில்ல."

அவர் வாங்கிச் சார்ஜில் போட்டார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். பிறகு திரையை என் பக்கம் திருப்பினார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குண்ணே. சாப்பிடுற ஆளுங்கதான் ஜாஸ்தி. இங்க பாருங்க... யாரு யாரு எவ்வளவு தின்னாங்கன்னு இதுலயே எழுதியிருக்கு."

இப்படி ஒரு பக்கம் கைப்பேசிக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நான்கு வருடமாகச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

கடைசியில் இருந்தது பஞ்சாங்கம். ராகு காலம் வந்தால் மணி அடிக்கும். என் மனைவி சரோஜா போட்டது.

அதற்கு மேலே, நான் எந்த ரோட்டில் இருக்கிறேன் என்று அவளுக்குக் காட்டுகிற ஒன்று. கைப்பேசி முதல் தடவை செத்த அன்று பயந்துபோய்ப் போட்டது. நாள் முழுக்க வானத்தைப் பார்த்து இடம் கேட்டுக்கொண்டே இருக்குமாம்.

அதற்கும் மேலே, பேட்டரியைக் காப்பாற்றுகிற ஒன்று. இது நானே போட்டது. 'உங்கள் பேட்டரி ஆபத்தில் இருக்கிறது' என்று திரையில் வந்தது. உண்மைதானே என்று அமுக்கினேன்.

"காப்பாத்துறேன்னு வந்ததே இவ்வளவு தின்னுருக்குண்ணே" என்றார் பாய். "வேலியே பயிரை மேஞ்ச கதை."

எல்லாவற்றுக்கும் மேலே, பாதிக்கு மேல் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது — விளக்கு.

அதுவும் சரோஜா போட்டதுதான். முருகன் படம். முன்னால் ஒரு விளக்கு, ஆடிக்கொண்டே எரியும். அணையா விளக்கு என்று பெயர். பெயருக்கு ஏற்றபடி திரையை அணையவே விடாது. பையில் இருந்தாலும் எரியும். மதியத்தில் சட்டைப்பை சூடாக இருக்கும். நெஞ்சில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துருங்க பாய்."

மூன்றை எடுத்தார். விளக்கிடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"இதுல நான் கை வைக்க மாட்டேண்ணே. உங்க வீட்டு சாமி வெளக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒன்னு ஆச்சுன்னா அக்கா என்னையத்தான் கேப்பாங்க."

"அது சும்மா படம் பாய்."

"அப்ப நீங்களே எடுங்க."

விரலை நீட்டினேன். விளக்கு ஆடியது. கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சரோஜா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். லதா சொன்னதையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"எடுத்துருவோம்" என்றாள்.

இவ்வளவு சுலபமா? நான் கைப்பேசியை எடுத்தேன்.

"இப்ப இல்ல. நாளைக்கு வெள்ளிக்கிழம. வெள்ளிக்கிழம வெளக்கு இல்லாம வண்டி எடுக்கக் கூடாது. சனிக்கிழம காலையில எடுக்கலாம்."

"நாளைக்குப் போன் செத்துச்சுன்னா வேலை போயிரும்."

"ஒரு நாள்தான. சாமி பாத்துக்குவாரு."

சாமி பார்த்துக்கொள்வார். லதாவின் ஆபீஸ் பார்த்துக்கொள்ளுமா?

வெள்ளிக்கிழமை பெண்களை இறக்கிவிட்டு நான் எங்கும் போகவில்லை. ஏழு மணியிலிருந்து மூன்றரை வரை தொழிற்சாலை வாசலிலேயே நின்றேன். செய்தி வராவிட்டால் என்ன, ஆள் வெளியே வந்தால் கண்ணால் பார்த்துவிடலாம் அல்லவா? காவலாளி நேப்பாளக்காரர். பத்து மணிக்கு வந்து நாற்காலி கொடுத்தார். நீங்களும் காவல் வேலைக்கு மாறிவிட்டீர்களா என்று மலாயில் கேட்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கைப்பேசி இரண்டு மணிக்குச் செத்தது. அன்றைக்குச் செய்தி எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை. சரோஜா குளித்துவிட்டு வந்தாள். கைப்பேசியைச் சாமி மேடையில் வைத்தாள். எங்கள் வீட்டில் விளக்கை ஊதி அணைப்பதில்லை. அணைப்பது என்ற சொல்லையே சொல்வதில்லை. பூவால் திரியை இழுத்துக் குளிர வைப்போம்.

அவள் ஒரு செம்பருத்தியை எடுத்து, நீக்கு என்ற இடத்தில் வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

அழுத்தினாள். நடக்கவில்லை. கைப்பேசிக்குப் பூ தெரியாது போல.

"வெரலால அமுக்கு" என்றேன்.

"வெரலால வெளக்கக் குளிர வைப்பாங்களா? சும்மா இருங்க."

பூவைத் தண்ணீரில் நனைத்தாள். திரும்ப வைத்தாள். உண்மையிலேயே நீக்கவா என்று கேட்டது. இன்னொரு முறை பூவை வைத்தாள்.

விளக்கு குளிர்ந்தது. திரையும் இருண்டது. கைப்பேசி சாகாமலே அது இருண்டதைப் பல மாதத்துக்குப் பிறகு பார்த்தேன்.

சரோஜா அங்கேயே நின்றாள்.

"இதெல்லாம் எதுக்குப் போட்ட?" என்று கேட்டேன். கோபமாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான்.

"நீங்க காலையில இருட்டுல வண்டி எடுக்குறீங்க. லாரிங்க அதே ரோட்டுல பறக்குது. போய்ச் சேந்தேன்னு ஒரு நாளாவது போன் பண்ணியிருக்கீங்களா? பதினோரு வருசம். அதான் சாமிகிட்ட சொல்லி வச்சேன். ராகு காலம் பாத்தேன். எந்த ரோட்டுல இருக்கீங்கன்னு பாத்தேன். வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

நான் எதுவும் சொல்லவில்லை. அதுதான் அவள் சொன்ன குறையும்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் — கைப்பேசிக்குள் அவள் போட்டதெல்லாம் செய்தது நான் செய்யாத வேலை. சொல்ல வேண்டியதைச் சொல்லாதவன் வீட்டில், அதைச் சொல்ல மூன்று ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. ஆள் வைத்தால் சாப்பிடத்தானே செய்யும்?

செவ்வாய்க்கிழமை மறுபடியும் வேலை சீக்கிரம் முடிந்தது. பன்னிரண்டே முக்காலுக்குச் செய்தி வந்தது. பார்த்தேன். ஒரு மணிக்கு முதல் ஆள் வெளியே வரும்போது வேன் வாசலில் நின்றது. யாரும் பாராட்டவில்லை. ஒருத்தி ஏறும்போது, "என்னண்ணே, இன்னிக்கு மீனு இல்லியா?" என்றாள். லதா கதவோரம் வந்து, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். அது போதும்.

இப்போதெல்லாம் காலையில் பெண்கள் இறங்கியதும் வீட்டுக்குப் போன் அடிக்கிறேன்.

"சேந்துட்டேன்."

"சரி."

வைத்துவிடுவோம். வைத்ததும் திரையைப் பார்ப்பேன். அந்த ஒரு சொல்லுக்குப் பேட்டரியில் ஒரு விழுக்காடுகூடக் குறைவதில்லை.