சுவரில் ஒட்டிய அண்ணன்

என் அக்காவுக்குக் கிடைத்த முதல் வேலையைக் கெடுத்தது ஒரு கேள்வி. "உங்கள் முதல் வகுப்பு ஆசிரியர் பெயர் என்ன?"

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கேதான் அக்கா ஈமெயில் தொடங்கினாள். பாஸ்வேர்டு மறந்துபோனால் கேட்பதற்கு ஒரு ரகசியக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வளர்ப்பு நாயின் பெயரைக் கேட்டது, எங்களிடம் நாய் இல்லை. ஆசிரியர் பெயரைக் கொடுத்தாள். எங்கள் கிராமத்தில் பள்ளிக்கூடம் ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கு டீச்சரும் ஒருவர். கையெழுத்துப் போடத் தெரிந்த அத்தனை பேருக்கும் அந்த ரகசியம் தெரியும்.

அண்ணனுக்கும் தெரியும். அப்பா இறந்த பிறகு வீட்டில் எல்லாம் அவர்தான். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் சூப்பர்வைசர். அக்காவுக்குச் சென்னையில் ஒரு கம்பெனி வேலை கொடுத்திருக்கிறது என்று யாரோ சொல்ல, நேராக அதே சென்டருக்குப் போய் டீச்சர் பெயரைத் தட்டி உள்ளே நுழைந்துவிட்டார். அக்கா எழுதுவதுபோலவே 'விருப்பமில்லை' என்று பதில் அனுப்பினார். அதைச் சாப்பாட்டின்போது சொன்னார்.

"வேலக்கி நீ வரமாட்டன்னு நானே சொல்லிட்டேன். மெட்ராஸ்ல தனியா இருந்துகினு இன்னா கிழிக்கப் போற? வூட்ல இன்னா கொறச்சல் கீது உனக்கு?"

அக்கா அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நன்றாக இருக்கிறதென்று இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு அவரை வெறுக்க ஆரம்பித்தேன். இன்னும் நிறுத்தவில்லை.

நான் தப்பித்தது கல்லூரிக்கே கம்பெனிக்காரர்கள் வந்து ஆள் எடுத்ததால். தங்கைக்கு வேலை கிடைத்ததென்று மில் முதலாளி எல்லார் முன்னாலும் அண்ணனைப் பாராட்டிவிட்டார். அதன் பிறகு தடுக்க அவருக்கு வாய் வரவில்லை. கம்ப்யூட்டரை வைரஸிடமிருந்தும் திருடர்களிடமிருந்தும் காக்கும் சாஃப்ட்வேர் செய்கிற கம்பெனி அது. சென்னைக்குப் போனதும் நான் செய்த முதல் காரியம், அக்காவுக்கு ஒரு புது ஈமெயில். ரகசியக் கேள்விக்கு அவளுக்கு வாய்க்கு வந்த ஒரு பொய்யைப் பதிலாகக் கொடுக்கச் சொன்னேன். எனக்குக்கூட அது தெரியாது. அவளை எப்படியாவது ஒரு வேலையில் சேர்த்து அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுவர வேண்டும். என் சம்பளமும் தூக்கமும் அந்த ஒரு நினைப்பிலேயே போயின.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். சாஃப்ட்வேரை வாங்கப்போகிற ஆளைக் கற்பனையாகவே உருவாக்குவார்கள். வயது, தொழில், பயம், ஆசை எல்லாம் எழுதி, எங்கிருந்தோ எடுத்த புகைப்படத்தோடு சுவரில் ஒட்டுவார்கள். அதற்குப் பெர்சோனா என்று பெயர். எதைச் செய்வதானாலும் அந்தப் படத்தைப் பார்த்து, "இவருக்கு இது பிடிக்குமா?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அப்போது சுவரில் இருந்தவள் காப்பிக் கோப்பையும் நாயுமாக ஒரு வெளிநாட்டுக்காரி. எங்கள் ஊர் பக்கம் வந்தால் கொசுவே அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

சிற்றூர்களில் விற்கப்போகிறோம், அங்கே ஆட்கள் எப்படி இருப்பார்கள் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். மில் வேலை, மீசை, மோட்டார் சைக்கிள், டீச்சர் பெயர், ரசம், எதையும் விடவில்லை. திருடன் எங்கோ முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கவில்லை, பக்கத்து இலையில் சாப்பிடுகிறான், அவனிடமிருந்து காப்பாற்றுகிற மாதிரி ஏதாவது செய்யுங்கள் என்றேன். எல்லாரும் வேகவேகமாகக் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மேனேஜர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த வீட்டுல கம்ப்யூட்டர் வாங்கறது யாரு?"

"அண்ணன்தான் சார்."

"அப்போ அவர்தானே நம்ம கஸ்டமர்?"

"அவரு திருடன் சார்."

"பணம் கொடுத்து வாங்கறவரைத் திருடன்னு சொல்லாதீங்கம்மா," என்று சிரித்தார். கூட்டமே சிரித்தது.

மறுநாள் வெளிநாட்டுக்காரியைக் கிழித்துவிட்டு அண்ணனை ஒட்டியிருந்தார்கள். வேறு யாரோ ஒருவர், அதே மீசை, ஒரு பெண்ணின் தோளில் கை. 'குடும்பத்தின் பாதுகாப்பே என் நிம்மதி' என்று கீழே எழுதியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு வயது, ஆசை, பயம் எதுவும் எழுதவில்லை.

அதன் பிறகு அந்தச் சுவர்தான் எங்களை வேலை வாங்கியது. வீட்டில் யார் எந்த மெயிலைத் திறந்தாலும் அதன் நகல் வீட்டுத் தலைவருக்குப் போக வேண்டும் என்றார்கள். திறக்கிறவருக்கு ஒரு எச்சரிக்கையாவது காட்டுவோம் என்று கத்தினேன். மேனேஜர் பேனாவால் சுவரைக் காட்டினார். "அவர் வீட்டுல சண்டை வர்றதை விரும்ப மாட்டார். சத்தமில்லாம இருக்கட்டும்."

சத்தமில்லாமல் செய்து முடித்தார்கள். ஊழியர்களுக்கு இலவசமாக ஒரு சிடி தந்தார்கள். என்னுடையதைக் காலால் மிதித்து உடைத்தேன். வீட்டில் அண்ணன் வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டரில் ஏதாவது புதிதாகப் போட்டால் அதைத் தொடாதே என்று அக்காவிடம் சொல்லிவைத்தேன். புதிதாக எதுவும் தெரியவில்லை என்றாள். தெரியாதபடிதானே செய்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குச் சென்னையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைப்பதாக இருந்தது. நேர்முகத் தேர்வுக்கு உடுத்த என் புடவை ஒன்றை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருந்தேன்.

அண்ணன் போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"பாப்பா, காஞ்சிபுரத்துல உங்க கம்பெனி சிடி வாங்கியாந்து போட்டேன். சூப்பரா கீது! அவ யாருக்கு இன்னா எழுதறான்னு அல்லாம் வந்துடுது. மேல கீறவங்க கிட்ட சொல்லு, நல்லா செஞ்சிகிறாங்கன்னு. அந்த ஸ்கூலுக்கு வரமாட்டான்னு எழுதிப் போட்டுட்டேன்."

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். நான் அழுதேன், அவள் அழவில்லை.

"பொய்யிதான் குட்த்து வச்சிருந்தேன் பாப்பா," என்றாள். "இந்த வாட்டி அது கேள்வியே கேக்கல."