பெட்டிக்கு முன்சீட்டு

போன செவ்வாய்க்கிழமை மதுரைக்குப் போகும் வழியில் என் கார் நடுரோட்டில் படுத்துவிட்டது.

கியர் மாற்ற வேண்டாத சொகுசான ஆட்டோமேட்டிக் கார். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டாஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக நாலைந்து விளக்குகள் எரிந்தன... அவ்வளவுதான். அடுத்த பத்தாவது நிமிஷம் நம் ஊர் வழக்கப்படி எட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எட்டு யோசனைகள். ஒருவர் தன் லோடு ஆட்டோவில் இருந்து கயிறே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்!

"நியூட்ரல்ல போடுங்கக்கா, மெதுவா இழுத்துட்டுப் போயிருவோம். திருமங்கலம் எம்புட்டுத் தூரம்?"

நல்ல மனுஷன். ஆனால் கயிற்றைப் பார்த்ததும் கையை நீட்டித் தடுத்தேன். "வேண்டாம் தம்பி, கியர்பாக்ஸ் போயிடும்" என்றேன்.

"நியூட்ரல்ல தானக்கா இருக்கு? என்ன ஆயிரும்?" என்று சிரித்தார்.

இதே கேள்வியை, இதே சிரிப்போடு, முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இன்னொருவர் கேட்டார். என் பெரியப்பா.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள். பெரியப்பா இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். பனி, மணல், மலை என்று அவர் வண்டி போகாத இடமில்லை. பெரியம்மா அந்த இருபத்திரண்டு வருஷமும் ராஜபாளையத்தில் இருந்தார். ரெண்டு பிள்ளைகளை வளர்த்தார், லெட்டர் படித்தார். லீவு முடிந்து பெரியப்பா தன் கறுப்பு இரும்புப் பெட்டியோடு கிளம்பும்போது ரயில்வே ஸ்டேஷன் வரை போவார். பெரியம்மாவின் பயணம் அங்கே முடிந்துவிடும்.

"ரிட்டயராகி வந்ததும் உன்னை ஊர் ஊரா கூட்டிட்டுப் போறேன்" என்று ஒவ்வொரு லீவிலும் பெரியப்பா சொல்லிவிட்டுப் போவாராம்.

சொன்னதைச் செய்கிற மனுஷர்தான். எண்பதுகளின் கடைசியில் ரிட்டயரான கையோடு ஒரு பழைய வேனை வாங்கினார். ஏதோ ஒரு மில்லில் ஆள் ஏற்றி இறக்கியே அலுத்துப்போன வேன். சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டு, எட்டு மாசம் மெனக்கெட்டு அதை ஒரு வீடாக்கினார். ரெண்டு கட்டில், ஸ்டவ் வைக்க மேடை, தண்ணீர் டேங்க், ஜன்னலுக்குத் திரை, கரண்டி ஆடாமல் இருக்கக் கொக்கி, சாமி படம்கூட உண்டு. தெருவே வந்து பார்த்தது. இன்றைக்கு இதையே "மோட்டார் ஹோம்" என்று யூடியூபில் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பட்டாளத்தார் வேன்.

யாருக்காகக் கட்டினார்? பெரியம்மாவுக்காகத்தான். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் கிடையாது.

ஒரே ஒரு சிக்கல்... பெரியம்மாவுக்கு வேன் ஒத்துக்கொள்ளாது. டீசல் வாசனையும் பின்னால் உட்காரும் குலுக்கலும் சேர்ந்தால் அஞ்சாவது கிலோமீட்டரில் வாந்தி. காரில், அதுவும் முன்சீட்டில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தால்தான் அவருக்குத் தாங்கும்.

அந்த நேரம் பார்த்து வால்பாறையில் இருந்து லெட்டர் வந்தது. பெரியம்மாவின் அக்கா அங்கே ஒரு டீ எஸ்டேட்டில் மகனோடு இருந்தார். மகனுக்கு அஸ்ஸாமில் வேலை கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்புகிறார்கள். 'இனி எப்பப் பாக்கப் போறமோ, ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்று அக்கா எழுதியிருந்தார். அக்காவும் தங்கையும் முகம் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அந்த லெட்டரைப் பெரியம்மா எத்தனை தடவை மடித்துப் பிரித்தாரோ, மடிப்பு கிழிந்தே போய்விட்டது.

வால்பாறை மலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு. அதில் இந்த வேன் ஏறாது. பெரியப்பா உடனே திட்டம் போட்டுவிட்டார். மலையடிவாரம் வரை வேன். அதற்கு மேல், வீட்டில் ஏற்கெனவே இருந்த கார். கார் எப்படி அடிவாரம் வரும்? வேனுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது! பெரியம்மா அந்தக் காரிலேயே முன்சீட்டில் உட்கார்ந்து வரலாம். காரில் ஸ்டியரிங் பிடிக்கவும் பிரேக் போடவும் ஓர் ஆள் வேண்டுமே? அந்த ஆள் நான். லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆகியிருந்தது.

நேராகக் காரிலேயே போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. எட்டு மாசம் வேன் கட்டிய மனுஷரிடம் அதை யார் கேட்பது?

அந்தக் காரை — பச்சை கலர், முன்னால் தனித்தனியாக ரெண்டு சீட் — எப்போதும் பழுது பார்ப்பவர் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பட்டறை வைத்திருந்த அந்தோணி. விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, கட்டி இழுக்கதுக்கு முன்னாடி அடியில பின்சக்கரத்துக்குப் போற புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழட்டிருங்க. நாலே போல்ட்டு. சக்கரம் சுத்துனா கியர்பாக்ஸ்ல பாதி சுத்தும், பாதி சும்மா நிக்கும். எஞ்சின் ஓடுனாத்தான் உள்ள ஆயிலை வாரி அடிக்கும். எஞ்சின் தூங்குச்சுன்னா காஞ்சுபோய் தேயும். கழட்ட முடியலன்னா அரைமணிக்கு ஒருக்க நிறுத்தி, எஞ்சினைச் செத்த நேரம் ஓட விடுங்க."

"நியூட்ரல்ல தானலே இருக்கு? என்ன ஆயிரும்?" என்று பெரியப்பா சிரித்தார். "பட்டாளத்துல நான் இழுக்காத வண்டியா? நாலு போல்ட்டைத் தெனம் கழட்டி மாட்டவா நான் வேன் கட்டுனேன்?"

ஒரு வாரம் ட்ரயல் நடந்தது. முதல் நாள் அய்யனார் கோவில் ரோடு. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம் வரை. அப்புறம் கான்சாபுரம். ஒரு சின்னச் சத்தம் கிடையாது. ஒவ்வொரு நாளும் திரும்பி வரும்போது அந்தோணியின் பட்டறை முன்னால் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாக ஒரு சல்யூட் வைப்பார் பெரியப்பா. அந்தோணி குனிந்து ஸ்பேனரைத் தேடுவார்.

மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது கிளம்பினோம். காலை ஆறரை மணி. தூக்குவாளியில் புளியோதரை, அக்காவுக்கு ஒரு கூடை சப்பட்டை மாம்பழம். கூடையைப் பெரியம்மா மடியை விட்டு இறக்கவில்லை. வேனின் பின்பக்கத்தில் பெரியப்பா பெயின்டரை வைத்துப் புதுசாக எழுதியிருந்தார் — 'சவுண்ட் ஹாரன்'.

"ஏட்டி, ஊரு பாக்கப் போறோம்னு பேரு. இவிய வேன் முதுகைத்தான பாத்துட்டு வாரோம்" என்று பெரியம்மா சிரித்தார். சிரிப்புதான். ஆனாலும் அவர் அதை ரெண்டு தடவை சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி கிருஷ்ணன்கோவில் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முதலில் கேட்டது பெரியம்மாவுக்குத்தான். "ஏட்டி... கீழ என்னமோ முனங்குது."

முனகல் கொஞ்ச நேரத்தில் அலறலானது. கியர் லீவர் கிடுகிடுவென்று ஆடியது. எண்ணெய் கருகும் வாசனை. நான் ஹாரனை அமுக்கினேன். பெரியப்பாவின் வலது கை ஜன்னலுக்கு வெளியே வந்தது. நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

கையை வீசினார் — முந்திப் போ!

மறுபடி ஹாரன். மறுபடியும் சைடு கொடுத்தார். கயிற்றில் கட்டி இழுக்கிற காருக்கு! இருபத்திரண்டு வருஷப் பழக்கம். பின்னால் ஹாரன் கேட்டால் அவர் கை தானாக வெளியே வந்துவிடும்.

"பிரேக்கை மிதிட்டி!" என்று பெரியம்மா கத்தினார். மிதித்தேன். கயிறு பட்டென்று அறுந்தது. கார் நின்றது. வேன் நிற்கவில்லை. அறுந்த கயிறு வால் மாதிரி ரோட்டில் புரள, அது பாட்டுக்கு வளைவில் திரும்பி மறைந்துவிட்டது.

நான் அழுதுவிட்டேன். கார் அடியில் புகை; நாலு நாளில் அக்கா அஸ்ஸாம் போய்விடுவார்; காரை ஓட்டி வந்தது நான். பெரியம்மா அழவில்லை. மைல்கல் மேல் உட்கார்ந்து, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த வளைவையே பார்த்தார்.

"வந்திருவாரு பெரியம்மா" என்றேன்.

"வருவாக. அவிய எப்பவும் திரும்பி வந்திருவாகட்டி. போகும்போதுதான் திரும்பிப் பாக்க மாட்டாக."

முக்கால் மணி நேரம் ஆனது. கிருஷ்ணன்கோவிலில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர்தான் கேட்டிருக்கிறார், "என்ன அண்ணாச்சி, கயிறு மட்டும் வருது?" என்று. அதற்குப் பிறகு அந்த வேன் வந்த வேகம் இருக்கிறதே... இறங்கி ஓடி வந்த பெரியப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. காரைப் பார்க்கவே இல்லை அவர். "ஒண்ணுமில்லையே? உங்களுக்கு ஒண்ணுமில்லையே?" என்று எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பக்கத்துக் கடையில் இருந்து போன் போட, அந்தோணி மொபெட்டில் வந்தார். காருக்கு அடியில் போய் கியர்பாக்ஸைத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார். "போச்சு அண்ணாச்சி. சூட்டுல உள்ள எல்லாம் நீலம் பாஞ்சிருக்கும். பதினஞ்சு நாளாவது ஆகும்." அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருக்கிற மனுஷர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

"அடுத்த மாசம் வேணா..." என்று ஆரம்பித்த பெரியப்பா நிறுத்திக்கொண்டார். அடுத்த மாசம் வால்பாறையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

பெரியம்மா எழுந்தார். நேராக வேனுக்குப் போய் முன்பக்கத்து இடது கதவைத் திறந்தார். டிரைவருக்குப் பக்கத்தில் சீட் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறுப்பு இரும்புப் பெட்டி இருந்தது. ஆடாமல் இருக்க பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது.

"இருவத்திரெண்டு வருசமா உங்ககூட ஊர் ஊரா வந்தது இந்தப் பெட்டிதான். இப்பவும் பெட்டிக்குத்தான் முன்சீட்டு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "எனக்கு அடுப்பு வச்சீக. கட்டில் போட்டீக. சாமி படம் மாட்டுனீக. ரோட்டைப் பாத்துட்டு வர ஒரு சீட்டு வைக்கத் தோணலையே? என்னையக் கயித்துல கட்டித்தான கூட்டிட்டுப் போனீக. அது அறுந்ததுகூட உங்களுக்குத் தெரியலையே."

எங்களுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அந்தோணி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

பெரியப்பா பெல்ட்டை அவிழ்த்தார். பெட்டியைத் தூக்கி ரோட்டோரம் வைத்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அந்தோணி, கார்ல முன்சீட்டைக் கழட்ட எத்தனை போல்ட்டு?"

"நாலுதான் அண்ணாச்சி."

ரெண்டு பேரும் சேர்ந்து கழற்றினார்கள். பச்சை ரெக்சின் போட்ட அந்த இடது சீட்டை வேனுக்குள் தூக்கி வைத்து, பலகை கொடுத்து, துளை போட்டு, அசைத்து அசைத்துப் பார்த்து முறுக்கினார்கள். கடைசி போல்ட்டைப் பெரியப்பாதான் முறுக்கினார். காரை அந்தோணி பொறுப்பில் விட்டோம். பெட்டி பின்னால் கட்டிலில் படுத்தது. அதன் பக்கத்தில் நான். பெரியம்மா முன்னால் ஏறி உட்கார்ந்து, ஜன்னலைத் திறந்து, ரோட்டை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் அக்காவுக்கு வைத்திருந்த கூடையில் இருந்து ஒரு மாம்பழத்தை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார். அவர் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்; பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அடிவாரம் வரை பெரியம்மாவுக்கு வாந்தி வரவில்லை. அங்கிருந்து வாடகை ஜீப் பிடித்தோம். அதிலும் முன்சீட்டில்தான் உட்கார்ந்தார். அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுததையும், ஒரே ராத்திரியில் கூடையைக் காலி பண்ணியதையும் சொல்ல இந்தப் பக்கம் போதாது. அக்காவை அவர் பார்த்தது அதுதான் கடைசி.

இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. பின்னால் வருவது சும்மாதானே வருகிறது, அதற்கென்ன தேய்மானம் என்று. உள்ளே சுற்றிக்கொண்டுதானே இருக்கிறது? வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குப் புரிய இன்னும் சில வருஷங்கள் பிடித்தன.

பதினைந்து நாளில் கியர்பாக்ஸ் சரியாகிக் கார் வீட்டுக்கு வந்தது. சீட் மட்டும் திரும்பிப் போகவே இல்லை. தொண்ணூறுகள் முழுக்க அந்த வேன் ஊர் ஊராகப் போனது, பெரியம்மா முன்னால். காரில் இடது பக்கம் ஒரு மர ஸ்டூல்தான். இன்றைக்கு வேனும் இல்லை, அவர்கள் ரெண்டு பேரும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை கடைசியில் ரெக்கவரி வண்டி வந்தது. நாலு சக்கரமும் தரையில் படாமல் என் காரை மேலே ஏற்றிக் கட்டினார்கள். "கார்ல உக்காரக் கூடாது மேடம், முன்னால ஏறிக்கோங்க" என்றார் டிரைவர். பக்கத்து சீட்டில் அவருடைய பை, டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் வாரிப் பின்னால் போட்டுவிட்டு, துண்டால் சீட்டைத் துடைத்தார்.

பெரியம்மா இருந்திருந்தால் அவருக்கு ஒரு மாம்பழம் கொடுத்திருப்பார்.