நாலு நாள் கழித்துப் போன பதில்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் எதிரே நின்று பேசவும் வராது. அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மேசை இழுப்பறையில் ஒரு பச்சைப் பென்சில் கிடக்கிறது. சுண்டுவிரலில் பாதி நீளம்தான் இருக்கும். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை.

கருங்குழியில் நானும் என் வீட்டுக்காரரும் செடி நர்சரி வைத்திருந்தோம். கடற்கரையில் புதிதாக எழும்பும் வீடுகளுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் தோட்டம் போட்டுத் தருவது அவர் வேலை. இடத்தைப் பார்த்துவிட்டு வந்து அவர் சொல்லச் சொல்ல, நான் பெரிய தாளில் வரைந்து நிறம் தீட்டுவேன். பள்ளிக்கூடத்தில் பூகோளப் படத்துக்குத் தீட்டிய பழக்கம்தான். அந்தப் படத்தையும் கொட்டேஷனையும் அவர் கொடுத்துவிட்டு வருவார். பாதிக்கு மேல் வேண்டாம் என்றுதான் பதில் வரும்.

அப்படி வந்த அன்றைக்கே, விளக்கு வைப்பதற்குள், அவர் பதில் போட்டாக வேண்டும். இடத்தைச் சுற்றிக் காட்டியதற்கு நன்றி சொல்வார். வேலை நல்லபடியாக முடியட்டும் என்பார். கடைசியில் அந்த இடத்தைப் பற்றித் தான் கண்டுபிடித்த ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுவார். இந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது, அந்தப் பக்கம் மண் உப்பு, இப்படி ஏதாவது. சும்மா சொல்லிக் கொடுத்தால் நாளைக்கு யார் நம்மைக் கூப்பிடுவார்கள் என்று நான் சண்டை போடுவேன். "யாரு தோட்டம் போட்டாலும் செடி செடிதான மே. அது இன்னா பண்ணுச்சு?" என்பார். பிறகு, "நீ அடிச்ச கலருக்காவது கூப்புடுவாங்க, வுடு" என்று சிரிப்பார்.

சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி ஒரு ரிசார்ட். அதுவரை நாங்கள் செய்ததெல்லாம் சின்னத் தோட்டங்கள். இது கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்ற மாதிரி அவர் அலைந்தார். என் பழைய சேலையைக் கிழித்து, அந்த மனையின் நாலு மூலையிலும் கம்பு நட்டுக் கட்டிவிட்டு, காற்று எந்தப் பக்கம் எவ்வளவு அடிக்கிறது என்று பார்த்தார். கிழக்கு ஓரத்தில் ஒரு செம்பருத்தித் தொட்டியை வைத்துவிட்டு வந்தார். சில வாரம் கழித்துப் பார்த்தால் இலையெல்லாம் உப்புக்காற்றில் கருகிக் கிடந்ததாம். என்னவோ பரிசு வாங்கியவர் போல அந்த இலைகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அந்தப் படத்துக்குத் தீட்டித்தான் பச்சைப் பென்சில் இந்த அளவுக்குத் தேய்ந்தது.

படத்தைக் கொடுத்த பதினைந்தாம் நாள் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. செங்கல்பட்டில் ஆபரேஷன் முடிந்து, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன மத்தியானம், என் போனுக்கு ரிசார்ட் மேலாளரின் செய்தி வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இந்த முறை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும்.

உள்ளே போனேன். "இன்னா மே, அவுங்க கிட்டேர்ந்து எதுனா வந்துச்சா?" என்றார். முகம் வெளுத்திருந்தது. ரெண்டு நாளாக எதையும் சரியாகச் சாப்பிடவில்லை.

"சரின்னுட்டாங்க" என்றேன்.

அன்றைக்கு மூன்று இட்லி சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்தும் படுத்தபடியே அதே பேச்சுதான். உடம்பு தேறியதும் சொல்லிவிடலாம் என்று நாளைத் தள்ளினேன். மேலாளருக்கும் நான் பதில் போடவில்லை. கோபம் ஒரு பக்கம், என்ன எழுதுவது என்று தெரியாத பயம் ஒரு பக்கம். எனக்குத் தெரியாமலே அவர் என் தம்பிக்குப் போன் செய்து, ஆட்களோடு ரிசார்ட்டுக்குப் போய்க் குழி வெட்டச் சொல்லியிருக்கிறார். செய்தி வந்த நாலாம் நாள் தம்பி கடப்பாரையோடு திரும்பி வந்து வாசலில் நின்றான்.

"மாமா, கேட்டாண்ட வாட்ச்மேன் வுடமாட்டேன்றான். உள்ள வேற ஆளுங்க மண்ணு கொட்டிகினு கீறாங்க."

அவர் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று எப்போது வந்தது என்று கேட்டார். சொன்னேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"வேலை போனா போவுது மே. நான் தாங்கமாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டியே."

அப்புறம், போனை எடுத்து எழுது என்றார். தாமதத்துக்கு மன்னிப்பு முதலில். "உடம்பு சரியில்லன்னு போடாத. உன் பேரையும் இழுக்காத. நான் லேட் பண்ணிட்டேன்னே இருக்கட்டும்." பிறகு நன்றி, வாழ்த்து. கடைசியில், கிழக்கு ஓரத்தில் செம்பருத்தி வேண்டாம், முதல் வரிசையில் தாழையும் புன்னையும் வையுங்கள், அது காற்றைத் தடுத்தால் பின்னால் எது வைத்தாலும் பிழைக்கும் என்று சொல்லச் சொன்னார். எழுதி அனுப்பினேன். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.

அதற்கப்புறம் ஒன்பது வாரம் இருந்தார். எப்போதும் போலத்தான் பேசினார். ஆனால் என் போனில் சத்தம் வந்தால், என்ன வந்தது என்று என்னைக் கேட்கமாட்டார். கையை நீட்டுவார். நான் போனைக் கொடுப்பேன்.

இப்போது நர்சரியை நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். மாமல்லபுரம் போகிற வழியில் ஒரு வீட்டுக்கு, போன மாதம் முதல் தடவையாக நானே போய் இடம் பார்த்து, படம் வரைந்து கொடுத்தேன். வாய் குழறியது. போன வியாழக்கிழமை மத்தியானம், வேண்டாம் என்று செய்தி வந்தது. இழுப்பறையைத் திறந்து அந்தப் பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு பதில் எழுதினேன். நன்றி சொன்னேன். நல்லபடியாக முடியட்டும் என்றேன். உங்கள் கிணற்றடியில் வேப்பமரத்தின் வேர் சுவருக்குள் போகிறது, கவனியுங்கள் என்று முடித்தேன். அனுப்பிவிட்டு, பழக்கத்தில் போனை அவர் படுத்திருந்த கட்டில் பக்கம் நீட்டிவிட்டேன்.

மறுநாள் பதில் எதுவும் வரவில்லை. தம்பி ஒரு வண்டி செம்மண் கொண்டுவந்து இறக்கினான்.